மரத்தரையில் யார் தண்ணீர் ஊற்றியது

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு போன் வந்தது. அவிநாசி ரோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு வீடு. ஐந்து நாள் முன்புதான் அங்கே தேக்குத் தரையை இழைத்து, பாலிஷ் போட்டு ஒப்படைத்துவிட்டு வந்திருந்தேன். வீட்டுக்காரர் பம்பு ஃபவுண்டரி வைத்திருப்பவர். கோபத்திலும் மரியாதை குறையாமல் பேசுவார். "மேஸ்திரி, பலகை எல்லாம் அலை அலையா எந்திரிச்சு நிக்குதுங்க. வந்து பாருங்க" என்றார்.

மரத்தரையைப் புதுப்பிக்கிற வேலையில் எனக்கு இருபத்தெட்டு வருடம் ஆகிறது. பாலிஷ் போட்ட ஐந்தாம் நாள் பலகை எழும்புகிறது என்றால் யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வண்டியை எடுக்கும்போதே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. காரணம் புரிய வேண்டுமானால், அந்த வீட்டில் என்னிடம் கேட்ட கேள்விகளைச் சொல்ல வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் எல்லா வீட்டிலும் இதையேதான் கேட்பார்கள்.

1. எத்தனை தடவை இழைக்கலாம்?

இது வீட்டுக்காரர் கேட்டது. நல்ல கேள்வி. முழுத் தேக்குப் பலகை நாலைந்து தடவை தாங்கும். பிளைவுட் மேல் மெல்லிசாக மரம் ஒட்டிய பலகையை ஒரு தடவை இழைப்பதற்கே யோசிக்க வேண்டும். அதைப் பார்க்காமல் மெஷினை ஓட்டி, அடியிலிருக்கும் பிளைவுட்டை வெளியே கொண்டுவந்துவிட்டு, "உங்க மரம் சரியில்லைங்க" என்று சொல்லித் தப்பிக்கிற ஆட்கள் நம் தொழிலில் இருக்கிறார்கள். இந்த வீட்டில் இருந்தது முக்கால் அங்குலத் தேக்கு. அருமையான மரம்.

2. தூசி வருமா?

வரும். வேக்குவம் மாட்டினாலும் வரும். தூசியே வராது என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான். மகள் கல்யாணத்துக்கு இரண்டரை மாதம் இருந்ததால், ஹாலையும் இரண்டு பெட்ரூமையும் பூஜை அறையையும் காலி செய்து கொடுத்தார்கள். சாமி படங்களை வீட்டம்மாவே எடுத்து வைத்தார். நானும் என் ஆட்கள் இரண்டு பேரும் நாற்பதாம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, அறுபது, நூறு என்று இழைத்து, மூன்று கோட் பி.யூ. பாலிஷ் அடித்தோம்.

3. எப்போது தண்ணீர் ஊற்றிக் கழுவலாம்?

வீட்டம்மா இதை என்னிடம் மூன்று தடவை கேட்டார். கழுவவே கூடாது, பத்து நாள் போன பிறகு துணியை நனைத்து இறுகப் பிழிந்து துடைத்துக்கொள்ளலாம் என்று மூன்று தடவையும் சொன்னேன். ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேலும் ஒட்டினேன். கடைசித் தடவை, "சாமி ரூமை மட்டுமாவதுங்க?" என்றார். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற பழக்கம் விடவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, அதுவும் கூடாது என்றேன்.

அந்த வீட்டில் பெருக்கித் துடைக்கிற ஈஸ்வரி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. மாப் போடலாமா, சோப்புத் தண்ணி ஆகுமா என்று விவரம் கேட்டு மனதில் வைத்துக்கொண்டது அந்தப் பெண் ஒருத்திதான்.

4. உடனே சரி பண்ண முடியாதா?

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது ஈஸ்வரி தெருமுனையில் எனக்காகக் காத்திருந்தது. அழுது முகம் வீங்கியிருந்தது. "நான் ஊத்தலீங்கண்ணா" என்றது. முந்தைய நாளே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். அதோடு விடாமல், சொன்னால் கேட்காதவள், வீட்டையே கெடுத்துவிட்டாள் என்று பக்கத்து வீடுகளிலும் சொல்லிவிட்டார்களாம். அதே தெருவில் இன்னும் மூன்று வீட்டில் ஈஸ்வரி வேலை செய்தது. மூன்று வீட்டிலும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நாலு வீட்டு வேலையில்தான் அதன் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே போனேன். ஈஸ்வரி இரண்டு பக்கெட் தண்ணீரை ஊற்றிவிட்டதாக வீட்டுக்காரர் சொன்னார். பாலிஷ் மேல் தப்பில்லை, உங்கள் மேலும் தப்பில்லை என்று எனக்குச் சமாதானமும் சொன்னார். நான் மரத்தின் ஈரத்தை அளக்கிற மாய்ஸ்ச்சர் மீட்டரை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனேன். பெட்ரூம் இரண்டும் காய்ந்து கிடந்தன. ஹாலில் பூஜை அறை வாசலை ஒட்டி மட்டும் ஈரம். பூஜை அறைக்குள்தான் எல்லாப் பலகையும் விளிம்பு தூக்கி, நடுவில் குழிந்து கிடந்தது. இடுக்கெல்லாம் மஞ்சள் தண்ணீர் இறங்கிய கறை. ஊற்றியது அங்கேதான். அங்கிருந்து வழிந்ததுதான் ஹாலுக்கு வந்திருக்கிறது.

அந்த வீட்டில் பூஜை அறைக்குள் ஈஸ்வரி போகக் கூடாது. வீடு முழுக்க அதுதான் துடைக்கும், அந்த ஓர் அறையை வீட்டம்மாதான் துடைப்பார். நாங்கள் வேலை செய்த நாலு நாளும் கண்ணால் பார்த்தது இது. எங்கள் மூன்று பேரை உள்ளே விட்டார்கள், வேறு வழியில்லை. மெஷின் தானாக ஓடாது.

மூன்று தடவை கேட்ட கேள்விக்கு அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கழுவ நினைத்தது தூசியை இல்லை, நாங்கள் உள்ளே நடந்ததை. தினம் "சாப்ட்டீங்களாங்க" என்று கேட்ட அதே அம்மா. கழுவிக்கொண்டது போதாதென்று, பழியை வாசலுக்கு வெளியே நிற்கிற பெண் மேல் போட்டிருக்கிறார்கள்.

"ஏனுங்கம்மா, ஈஸ்வரி எப்ப இருந்துங்க சாமி ரூமுக்குள்ள வருது?" என்று கேட்டேன்.

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தரையைப் பார்த்தார். "கல்யாண ஊடுங்க. சுத்தம் பண்ணாம சாமியை எப்படிங்க உள்ள வெக்கறது?" என்றார்.

வீட்டுக்காரர் ஆனது ஆச்சு என்று பேச்சை மாற்றி, நாளைக்கே மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். முடியாது என்றேன். ஈரப் பலகையை இப்போது இழைத்துச் சமப்படுத்தினால், காய்ந்த பிறகு நடுவில் மேடு தட்டும். காய்ந்துவிட்டது என்று மீட்டர் காட்டும்வரை பல வாரம் காத்திருக்கத்தான் வேண்டும்.

"அப்புறம் வருவீங்கல்ல?"

"வாரேனுங்க. அதுக்கு முன்னால அம்மா அந்த மூணு ஊட்டுக்கும் போன் பண்ணி, தண்ணி ஊத்துனது நாந்தான்னு சொல்லணுமுங்க. இப்பவே."

வீட்டுக்காரர் முகம் சிவந்துவிட்டது. ஊரில் வேறு பாலிஷ்காரன் இல்லையா என்றார். தாராளமாகக் கூப்பிடுங்கள், ஈரத்தில் இழைக்க ஒத்துக்கொள்கிறவனும் கிடைப்பான் என்றேன். அவரும் மெஷின் ஓட்டிப் பிழைப்பவர்தான், அவசர வேலை என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். போனை எடுத்து மனைவியிடம் நீட்டினார். நான் ஈஸ்வரியை உள்ளே கூப்பிட்டு, கேட்கும்படி நிற்க வைத்தேன். முதல் இரண்டு வீட்டிலும், ஏதோ தெரியாமல் நடந்துவிட்டது, அவளை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மா முடிக்கப் பார்த்தார். யார் ஊற்றியது என்று சொல்லுங்கள் என்று நான் பக்கத்திலேயே நின்றேன். இரண்டு தடவையும் முனகலாக ஒப்புக்கொண்டார். மூன்றாவது வீட்டில் நான் கேட்காமலே சொல்லிவிட்டார்.

அந்த மூன்று வீட்டிலும் ஈஸ்வரிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இந்த வீட்டிலும் மறுபடி வரச் சொன்னார்கள். அது வரவில்லை.

அன்று தெருமுனை வரை என்னோடு நடந்து வந்தபோது அது ஒன்று சொன்னது. "முன்னால ரேஸ்கோர்ஸ்ல ஒரு ஊட்டுலயும் இப்படித்தானுங்கண்ணா என் மேல சொன்னாங்க. பாலிஷ் போட்டவரு ஆமாமுன்னு தலையாட்டிட்டுப் போயிட்டாருங்க."

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. ரேஸ்கோர்ஸில் நானும் வேலை செய்திருக்கிறேன். வேலைக்காரம்மா ஆசிட் ஊற்றிவிட்டாள், ஈர மாப் போட்டுவிட்டாள் என்று வீட்டுக்காரர்கள் சொன்னபோதெல்லாம், என் பாலிஷ் மேல் பழி வராமல் போனதே என்று நானும் தலையாட்டியிருக்கிறேன். ஒரு வீட்டிலும் மீட்டரை வெளியே எடுக்கவில்லை. அந்தப் பெண்களில் ஒருத்தியின் பேர்கூட எனக்குத் தெரியாது.