இஸ்திரி அக்கா வீடு பார்த்த கதை

இஸ்திரி அக்காவின் தம்பியை நான் முதலாளி என்றுதான் சொல்வேன். அவன் காதுபடவே சொல்லியிருக்கிறேன். அதைக்கூட அவன் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டான். அவன் ஆரம்பிக்காத தொழில் இல்லை. கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தான், மீனெல்லாம் மிதந்தது. செல்போனுக்கு உறை விற்றான், அந்தப் போனையே கம்பெனிக்காரன் நிறுத்திவிட்டான். வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடப்போகிறேன் என்று ஒரு பழைய வண்டி வாங்கினான். அது வாசலில் நின்று துருப்பிடித்ததில் தெருநாய்களுக்கு நிழல் கிடைத்தது. ஒவ்வொரு தடவையும் முதல் போட்டது அக்காதான், நஷ்டப்பட்டதும் அவள்தான்.

அக்காவும் நானும் ஒரு பெரிய லாட்ஜின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறோம். தரைக்கடியில் ஜன்னல் இல்லாத ஒரு கூடம், எந்நேரமும் ஆவியும் சோப்பு வாசனையும். அவள் இஸ்திரி மேஜையில் நிற்பாள். துணி காய்ந்து வந்ததும் இரண்டு பேருமாக விரிப்பு மடிப்போம். கட்டில் விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, நடந்து போய் மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். பேசுவதெல்லாம் அப்படி நடந்து போய்ச் சேரும்போதுதான். பெரும்பாலும் நான்தான் பேசுவேன், அவள் தலையாட்டுவாள்.

அவள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். தம்பிக்கு ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் கல்யாணம் என்று வந்த இடத்தையெல்லாம் தட்டிக் கழித்தாள். தம்பிக்குக் கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், அந்த மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். வழிதான் இன்னும் பிறக்கவில்லை. வாடகை வீட்டில் இருந்த ஒரே படுக்கையறை தம்பிக்கும் அவன் மனைவிக்கும். கூடத்தில் அவனுடைய விற்காத சரக்கு பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும், அதற்கு ஆபீஸ் என்று பெயர். வாடகையில் பெரும்பங்கு கொடுக்கிற அக்காவுக்குச் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கும் நடையில் ஒரு பாய். ராத்திரி எழுந்து போகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் போவார்கள். சிலசமயம் தாண்ட மறந்து மிதித்துவிட்டும் போவார்கள்.

வாயில்லாப் பூச்சி என்று எல்லாரும் அவளுக்காகப் பரிதாபப்படுவார்கள். எனக்குப் பரிதாபம் வந்ததே இல்லை, எரிச்சல்தான் வந்தது. யாராவது லீவு போட்டால் அந்த ஷிப்டு அவள் தலையில். யாராவது சட்டையைத் தீய்த்துவிட்டால் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குவது அவள். முடியாது என்ற ஒரு சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. இப்படி ஒரு பிறவியா என்று நினைத்துக்கொண்டே தினமும் எதிர் முனையைப் பிடித்தேன்.

பிறகு லாட்ஜ் கைமாறியது. பழைய நிர்வாகம் எங்கள் இத்தனை வருஷ வேலைக்கும் கணக்கு முடித்து மொத்தமாகப் பணம் கொடுத்தது. புது நிர்வாகம் மறுநாளே அதே ஆட்களை அதே மேஜைக்கு, குறைந்த சம்பளத்துக்கு, பெரிய மனசு பண்ணி எடுத்துக்கொண்டது. அந்த வாரம் விரிப்பு மடிக்கும்போது அக்கா சொன்னாள்.

"வீடு வாங்கப் போறேன்டி."

என் கையிலிருந்த மூலை நழுவிவிட்டது.

"யார் பேர்ல?" என்று கேட்டேன்.

"என் பேர்லதான்."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் பயமும் வந்தது. அந்தப் பணம் ஒருமுறை வந்ததுதான், இனிமேல் வராது. அதை முதலாளி தின்றுவிட்டாலும் சரி, வாங்குகிற வீட்டுக்குள் அவன் குடியேறிவிட்டாலும் சரி, இவள் சாகும்வரை ஏதோ ஒரு நடையில்தான் படுப்பாள். அவனுக்கோ விஷயம் எனக்கு முன்பே தெரியும். பணம் வந்த செய்தி அவள் போனுக்குத்தான் வந்தது. ஆனால் அவள் போன் எப்போதும் அவன் கையில்தான் இருக்கும்.

"நம்ம வீடு, நம்ம வீடு" என்று அவன் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான். தரகரைக்கூட அவன்தான் பிடித்துக்கொண்டு வந்தான். வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டாள். தரகர் சட்டைப்பையில் பேனா வரிசையாக இருக்கும், எழுதி ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் கையில் மோசமான வீடு என்று ஒன்றுமே கிடையாது. 'நல்ல காத்தோட்டம்' என்று காட்டிய வீட்டில் ஜன்னலைத் திறந்து கையை நீட்டினேன், பக்கத்து வீட்டுச் சுவர் தட்டியது. 'தண்ணிக் கஷ்டமே கிடையாது' என்ற வீட்டில் தண்ணீர் சுவரிலேயே கசிந்துகொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் சொந்தக்காரர் எங்கள் தொகையைக் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துகொள்ளாமலே சிரித்தார்.

"இந்தக் காசுக்கு வீடு கேக்கறீங்களா? கதவு வேணா தரேன், கழட்டிக்கிட்டுப் போங்க."

அந்தக் கதவும் செல்லரித்துப் போயிருந்தது. அவர் முகத்தில் அடித்தாற்போல அதைச் சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினேன்.

இவ்வளவு மட்டமான வீடுகளில்கூட முதலாளி உள்ளே நுழைந்ததும் பங்கு பிரித்துவிடுவான். இது எங்க ரூம், இது ஆபீஸ், இங்க சரக்கு. ஒருநாள் பொறுக்காமல், "அக்கா எங்க படுக்கும்?" என்று கேட்டேன்.

"அக்காவுக்கு என்ன, எங்க வேணாலும் படுத்துக்கும்" என்றான்.

அவள் அங்கேதான் நின்றிருந்தாள். குழாயைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை அங்கேயே நாலு அறை அறையலாம் போல எனக்குக் கை துறுதுறுத்தது.

கடைசியில் ஊர்க்கோடியில் ஒரு வீடு வந்தது. இத்தனை மட்டத்துக்கும் நடுவில், நிஜமாகவே நல்ல வீடு. இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் துணி காயப்போட இடம், வெளிச்சம். பஸ் போகாத இடம் என்பதால் அவள் பணத்துக்குள்ளேயே அடங்கியது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சரக்கு என்று கையை வீசி வீசி நடந்தான். தரகர் ஏற்கெனவே கமிஷனை எண்ணிவிட்ட முகத்தோடு நின்றார். அக்கா ஒவ்வொரு அறை வாசலிலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"ரொம்ப தூரமா இருக்கே" என்றாள்.

"பஸ் விடப் போறாங்கம்மா" என்றார் தரகர்.

"விட்டதும் பாக்கலாம்."

வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கிற வீடு. ஒரு அறையில் அவனைப் போட்டுவிட்டு இன்னொன்றில் கதவைச் சாத்திக்கொள்ளக்கூட இவளுக்குத் துப்பில்லையா? அந்த வாரம் முழுக்க அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. விரிப்பை வெடுக் வெடுக்கென்று இழுத்தேன். அவள் மூலையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் ஷிப்டு முடிந்ததும், "என்கூட ஒரு இடத்துக்கு வா" என்றாள். அன்று முதலாளி எங்களோடு வரவில்லை. அவள் கையில் ஒரு துணிப்பை இருந்தது. லாட்ஜுக்குப் பின்னால் நாலு தெரு தள்ளி ஒரு பழைய மாடிக் கட்டடம். யாரோ ஒரு காலத்தில் பெரிய வீடாகக் கட்டியதை, வாரிசுகள் துண்டு துண்டாக வெட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய படிக்கட்டு. மேலே தரகர் சங்கடப்பட்டு நின்றிருந்தார். அவருக்கும் வெட்கம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இதை நான் காட்டறதா இல்லைம்மா. நீங்கதான் இருக்கறதுலயே சின்னதுன்னு கேட்டீங்க."

முன்பு சாமான் போட்டுவைத்த அறையாம். ஒரு மூலையில் குழாயும் அடுப்பு மேடையும், தகரக் கதவு போட்ட ஒரு கழிப்பறை, தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். அவ்வளவுதான் வீடு. விலையைக் கேட்டதும் எனக்குக் கொதித்தது. அந்த ஊர்க்கோடி வீட்டின் விலைதான் இதற்கும், நடுவூரில் இருக்கிறதே என்று.

"அக்கா, இது வீடா, அலமாரியா? இதுக்குள்ள மூச்சு விட்டா சுவர்ல இடிக்கும்!"

அவள் பையிலிருந்து இரண்டு விரிப்புகளை எடுத்தாள். லாட்ஜில் கிழிந்ததால் கழித்துப்போட்டவை, ஒற்றைக் கட்டில் அளவு. ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். பழக்கதோஷம், பிடித்துக்கொண்டேன். ஜன்னலோரமாக விரித்தோம். சரியாக விழுந்தது.

"இப்ப இதைப் பக்கத்துல போடு."

போட்டோம். விழவில்லை. ஒரு பக்கம் அடுப்பு மேடையில் ஏறியது, ஒரு பக்கம் கதவை மறித்துக்கொண்டு சுருண்டது. திருப்பிப் போட்டோம், குறுக்கே போட்டோம். எப்படிப் போட்டாலும் இரண்டாவது விரிப்புக்கு அங்கே இடமில்லை. அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"இன்னொரு ஆள் படுக்க முடியாதில்ல?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஊர்க்கோடி வீட்டில் அறை வாசல்களில் நின்று அவள் எதை எண்ணிக்கொண்டிருந்தாள் என்பதும் புரிந்தது.

"எனக்கு மாட்டேன்னு சொல்ல வராதுடி. அவன் வந்து நின்னா வழி விட்டுடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? அதான் அந்த வார்த்தையைச் சுவரே சொல்லிடட்டும்னு பாக்கறேன்."

விரிப்புகளை மடித்து அவள் பையில் வைத்தேன்.

பத்திரம் பதிந்து சாவி கைக்கு வந்த பிறகுதான் தம்பியிடம் சொன்னாள். அந்த மேதை அதற்குள், அக்கா ஊர்க்கோடி வீட்டைத்தான் எப்படியும் வாங்குவாள் என்று வாடகை வீட்டுக்காரரிடம் காலி பண்ணுவதாகச் சொல்லியிருந்தான். அவன் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த அம்மா விவரமானவர், மகள் வரலாம், மருமகன் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அக்கா குடிவந்த மறுநாள் நான் அங்கே திரை மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, அவள் துணிப்பெட்டி. கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளி வந்தான். ஒரு கையில் சூட்கேஸ், இன்னொரு கையில் விற்காத செல்போன் உறைப் பெட்டி. உள்ளே வந்ததும் மூன்று பேருக்கு நிற்க இடமில்லாமல் நான் அடுப்பு மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"இதுக்கா அவ்ளோ பணம் குடுத்த? உன்னை நல்லா ஏமாத்திட்டாங்கக்கா" என்றான். பிறகு கட்டிலைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், கதவைச் சாத்தித் திறந்து பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. சுவர் தன் வேலையைச் செய்கிறது என்று எனக்குள் குதூகலம். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் இனாமாக ஏதாவது கிடைக்கும் என்றால் அவன் மூளை வேலை செய்யும் என்பதை நாங்கள் இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

"அக்கா, இப்படிப் பண்ணலாம்" என்று கட்டிலில் உட்கார்ந்தான். "நீ நைட் ஷிப்டு கேட்டு வாங்கிக்கோ. ராத்திரி நான் இங்க படுத்துக்கறேன். காலையில நீ வந்ததும் நான் வெளிய கிளம்பிடுவேன், நீ படுத்துக்கோ. ஒரு கட்டில் போதும். எப்படி?"

வாழ்க்கையில் அவன் போட்ட முதல் உருப்படியான திட்டம். அதில் ஓட்டையே இல்லை. லாட்ஜில் நைட் ஷிப்டுக்கு ஆள் கிடைக்காமல் சூப்பர்வைசர் அலைந்துகொண்டிருந்தார், கேட்டால் கும்பிட்டுக் கொடுப்பார். இவள் உழைத்து வாங்கிய காசு, நாலு சுவர், இரண்டு விரிப்பை வைத்துப் போட்ட கணக்கு எல்லாவற்றையும் அந்தச் சோம்பேறி உட்கார்ந்த இடத்திலிருந்தே தாண்டிவிட்டான். எனக்கு வாய்வரை வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவை வெளியே வருமுன் அக்கா என்னைப் பார்த்துக் கையமர்த்தினாள்.

அவன் சூட்கேஸைக் கட்டிலுக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தான்.

"முடியாது" என்றாள்.

அவன் நிமிரக்கூட இல்லை. "ஷிப்டு மாத்தித் தர மாட்டாங்களா? நான் வேணா வந்து பேசறேன்."

"ஷிப்டு கிடைக்கும். நான் மாட்டேன்டா. பெட்டியை எடு."

குரல் உயரவில்லை. இஸ்திரி சூடாகிவிட்டது என்று சொல்கிற அதே குரல். அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பது போல. உன்னை அம்மாவா நினைச்சேனே என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான், ஈரமில்லாத கண்ணை. உடம்புக்கு முடியாமப் போனா வந்து நிக்காத என்றான். அவள் எழுந்து, சூட்கேஸைத் தானே இழுத்து, வாசலுக்கு வெளியே வைத்தாள். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அவன் அந்தக் குறுகிய படிக்கட்டில் சூட்கேஸும் பெட்டியும் சுவரில் இடிக்க இடிக்க இறங்கிப் போனான்.

நான் மேடையிலிருந்து குதித்து அவளைக் கட்டிக்கொண்டேன். கட்டிலில் உட்கார வைத்தேன். ஒரு டம்ளர் தண்ணீரை முழுக்கக் குடித்தாள். பிறகு தலையைத் திருப்பி, அந்த அறையைச் சுவர் சுவராக, மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள்.

"இவ்ளோதானாடி?" என்றாள். "இவ்ளோ சுலபமா வாயில வரும்னு தெரிஞ்சிருந்தா, பெரிய வீடாவே வாங்கியிருப்பேனே."