எத்திராஜ் ஜெயிக்க ஆரம்பித்தார்

பட்டாபிராமில் அமீருதீனின் மெத்தைக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பாதி ஷட்டர் இறக்கியிருக்கும். உள்ளே மூன்று பேர் பகடை ஆடுவார்கள். கடைக்காரர் ஒருவர். மெத்தை வாங்க வந்து சிநேகிதமாகிவிட்ட ஸ்ரீநாத், பக்கத்து அடுக்குமாடியில் குடியிருக்கும் ஐடி ஊழியர். மூன்றாவது ஆள் எத்திராஜ். மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஆட்டத்தைக் கொண்டுவந்தது ஸ்ரீநாத். ஆளுக்கு ஐந்து பகடை. எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கிக் கவிழ்த்து, தன்னுடையதை மட்டும் ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். மூன்று டம்ளருக்கு அடியிலும் சேர்த்து இத்தனை ஆறு இருக்கிறது என்று ஒருவர் சொல்வார். அடுத்தவர் அதற்கு மேல் ஏற்றிச் சொல்ல வேண்டும், இல்லை, நம்பாமல் ‘தூக்கு’ என்று சொல்ல வேண்டும். தூக்கிப் பார்த்ததும் பொய்யென்றால் சொன்னவர் ஒரு பகடையை இழப்பார். நிஜமென்றால் தூக்கச் சொன்னவர் இழப்பார். கடைசியில் யாரிடம் பகடை மிஞ்சுகிறதோ அவருக்கு ஜெயம்.

எத்திராஜுக்குப் பொய் வராது. நல்ல பகடை விழுந்தால் புருவம் இரண்டும் மேலே ஏறிவிடும். இல்லாததைச் சொல்லும்போது உதட்டோரம் தானாகச் சிரித்துவிடும். “தூக்கு அண்ணாத்தே, மூஞ்சியே சொல்லுது” என்று அமீருதீன் கத்துவார். தோற்றவர் செலவில் டீயும் சமோசாவும். எத்திராஜ்தான் எழுந்து போவார், சிரித்துக்கொண்டே. அவர் தோற்பதைப் பார்க்கவே மற்ற இருவரும் ஆடினார்கள் என்று சொல்லலாம்.

தை மாதம் கழிந்து எத்திராஜ் ஜெயிக்க ஆரம்பித்தார். முதல் வாரம் அதிர்ஷ்டம் என்றார்கள். அதற்கப்புறமும் விடாமல் ஜெயித்தார். அவர் பொய் சொல்கிறாரா, நிஜமா என்று யாருக்கும் பிடிபடவில்லை.

“இன்னா அண்ணாத்தே, மூஞ்சில ஒண்ணுமே தெர்ல?”

“கத்துக்கினேன் பாய்” என்றார் எத்திராஜ். அப்படித்தான் அவரும் நம்பினார். வீட்டுக்குப் போய் மனைவி அஞ்சலையிடம் பெருமையடித்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் மகள் காவ்யா கோயம்புத்தூரிலிருந்து வீடியோ காலில் வந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அவளுக்கு நாள் தள்ளியிருந்தது. அஞ்சலை சத்தம்போட்டு அழுதாள். எத்திராஜுக்கு நெஞ்சு நிறைந்து பேச்சே வரவில்லை. போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“நைனா, உனக்குச் சந்தோசமே இல்லையா?” என்று கேட்ட காவ்யா, பதிலுக்குக் காத்திருக்காமல் போனை வைத்துவிட்டாள்.

“புள்ள எவ்ளோ ஆசையா சொல்லுது. நீ இன்னாய்யா கல்லு மாதிரி குந்திகினு கீற?”

“நான் சிரிச்சேனே.”

“எங்க சிரிச்ச? நான் பக்கத்துலதான கீறேன்.”

எத்திராஜ் எழுந்து பீரோ கண்ணாடி முன்னால் போய் நின்றார். சிரித்தார். உள்ளே சிரிப்பு இருந்தது, கண்ணாடியில் இல்லை. மறுபடியும் முயன்றார். உதடு கொஞ்சம் அகன்றது, அவ்வளவுதான். பின்னால் வந்து நின்ற அஞ்சலை, அதற்குமேல் திட்டவில்லை.

நரம்பு டாக்டர் அவரை நடக்கச் சொன்னார். இடது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு வருவதை அஞ்சலைக்குக் காட்டினார். விரல்களைத் தட்டச் சொன்னார். பார்க்கின்சன் என்றார், முகம் அசையாமல் போனதும் அதனால்தான், மாத்திரையில் கட்டுக்குள் வைக்கலாம், முழுக்கச் சரியாகாது.

“முகம் எப்போலேர்ந்து இப்படி இருக்கு?”

எத்திராஜ் யோசித்தார். “ஜெயிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து சார்” என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடையில் நோயைப் பற்றி அவரே சொன்னார். அமீருதீன் டம்ளர்களை எடுத்து வைத்தார்.

அன்றும் எத்திராஜ்தான் ஜெயித்தார். அடுத்த வாரமும். ஆனால் அவர் எதைச் சொன்னாலும் யாரும் ‘தூக்கு’ என்று சொல்லவில்லை. ஸ்ரீநாத் மேலே ஏற்றிச் சொல்லித் தானே மாட்டிக்கொண்டார், அமீருதீனும் அப்படியே. எத்திராஜ் சோதித்துப் பார்த்தார். அவர் டம்ளருக்கு அடியில் ஒரு ஆறுகூட இல்லை.

“பன்னெண்டு ஆறு” என்றார்.

இருந்ததே பதினைந்து பகடை. ஸ்ரீநாத் தன் டம்ளரைத் திறந்துகூடப் பார்க்காமல், “பதிமூணு, சார்” என்றார்.

எத்திராஜ் மூன்று டம்ளரையும் தூக்கிவிட்டார். எண்ணிப் பார்த்தால் இரண்டே ஆறு.

“எனக்கு வுட்டுக்குடுக்குறீங்களா? பொய்யின்னா பொய்யின்னு சொல்லு பாய். அதுக்குத்தான வரேன்.”

“எப்டி சொல்றது அண்ணாத்தே,” அமீருதீன் பகடைகளைப் பொறுக்க ஆரம்பித்தார். “உன் மூஞ்சியப் பாத்தா என்னால முடியல.”

எத்திராஜின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. முகத்தில் வேறெதுவும் அசையவில்லை. அதன் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்துகொண்டார். அமீருதீன் வந்து கூப்பிட்டுப் பார்த்தார். “கையி நடுங்குது பாய், அப்புறம் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டார்.

அஞ்சலைக்குப் புதுப் பழக்கம் வந்தது. குழம்பு ஊற்றும்போதும், டிவி பார்க்கும்போதும், “நல்லா கீதா? கோவமா?” என்று கேட்பாள். இத்தனை வருஷமாக அவள் எதையும் கேட்டதில்லை, பார்த்தாலே தெரிந்துவிடும். சில நாள் அவருக்குப் பதில் சொல்லச் சலிப்பாக இருக்கும். அதையும் அவளால் கண்டுபிடிக்க முடியாது.

காவ்யா பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டது. அஞ்சலையைப் பார்த்துச் சிரித்தது. எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தும் சிரித்தது. எத்திராஜின் மடியில் போட்டால் மட்டும் அவர் முகத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்பி மின்விசிறியைப் பார்க்கும்.

“கொழந்தைக்கு இன்னா தெரியும் நைனா” என்றாள் காவ்யா.

“நான் சிரிச்சிகினுதான் கீறேன்மா. நீ கொஞ்சம் அதாண்ட சொல்லேன்.”

காவ்யா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். குழந்தையின் காதருகே குனிந்து, “தாத்தா சிரிக்கிறாரு பாரு” என்றாள்.