ஒரு ரிங் அடித்தால் சாப்பிட்டாச்சு

ரீசார்ஜ் கடையில் உட்காருகிறவளுக்குக் காது கொஞ்சம் மந்தமாக இருந்தால் நல்லது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டின கடை, என் கொழுந்தனாருடையது. வீட்டுக்காரர் சிங்கப்பூர் போனதும், வீட்டில் சும்மா இருப்பானேன் என்று கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தேன். பட்டன் அமுக்குகிற போன் போய், தேய்க்கிற போன் வந்ததை இந்த ஸ்டூலில் இருந்தபடியே பார்த்துவிட்டேன். வீட்டுக்கு வீடு ஒரு போனைக் கட்டிக்கொண்டு அழுகிற உங்களுக்கு இதெல்லாம் புதுசாக இருக்காது.

ஒரு ரிங்

ஜீனத் அக்காவின் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். பட்டன் போன் காலத்தில் இருவருக்குள்ளும் ஓர் ஏற்பாடு. மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவர் ஒரு ரிங் விட்டு கட் பண்ணுவார். அக்கா எடுக்கக் கூடாது. ‘சாப்பிட்டாச்சு, நீயும் சாப்பிடு’ என்று அதற்கு அர்த்தம். அது வந்த பிறகுதான் அக்கா தட்டில் கை வைக்கும்.

ஒருநாள் மதியம், சார்ஜ் ஏறவில்லை என்று அக்கா போனைக் கொண்டுவந்தது. கொழுந்தனார் சுரண்டிச் சுத்தம் பண்ணி ஆன் செய்த நேரம், மணி அடித்தது. கடைக்காரர் கை சும்மா இருக்குமா? பட்டென்று எடுத்து, “ஹலோ, சொல்லுங்க” என்றுவிட்டார். அந்தப் பக்கம் லைன் கட். திரும்ப ரிங் வரவே இல்லை. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஏன் தம்பி எடுத்தீங்க? இப்ப அவங்க சாப்பிட்டாங்களா, இல்ல ஆம்பளைக் குரலைக் கேட்டுட்டுப் பசியோட உக்காந்திருக்காங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

வாய்க்கால் குரூப்

ஆரோக்கியம் அண்ணனும் சூசை அண்ணனும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். முறைத் தண்ணீருக்காக வரப்பில் நின்று கத்திக்கொள்வார்கள். சாயங்காலம் ஒரே வண்டியில் டவுனுக்கு வந்து டீ குடிப்பார்கள். அப்புறம் யாரோ புண்ணியவான் அந்த வாய்க்கால்காரர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்துவைத்தார்.

ஆரோக்கியம் அண்ணனுக்கு டைப் அடிக்க வராது. எங்கள் கடை வாசலில் நின்று, போனை வாய்க்குக் கிட்டே பிடித்து, தன் மடையை அடைத்த சூசையைத் திட்டி வாய்ஸ் அனுப்பினார். சூசை அண்ணன் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, பதிலுக்குத் தன் போனில் வாயைத் திறந்தார். நடுவில் ஒரு ரோடுதான். ஊர் முழுக்கக் கேட்ட அந்த வார்த்தைகள் போனில் அப்படியே கிடக்கின்றன. இரண்டு பேரும் இன்றைக்கு வரை ஒட்டவில்லை. “அண்ணே, அவர் அந்தா இருக்காரு, நேராப் போய்ப் பேசுங்களேன்” என்று நான் அன்றைக்கே ஆரோக்கியம் அண்ணனிடம் சொன்னேன்.

“நேர்ல போனா அவன் மூஞ்சியப் பார்த்ததும் சிரிப்பு வந்துடும்மா. அப்புறம் எங்கேருந்து சண்டை போடுறது?”

என் வீட்டுக் கதை

அடுத்தவர்களைச் சொல்லிவிட்டு என்னை விட்டால் எப்படி? அப்போதெல்லாம் என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவார். வாரம் முழுக்க நடந்ததை மனசுக்குள் அடுக்கி வைத்திருப்பேன். பாப்பா குப்புற விழுந்தது, நாத்து அழுகினது, மாமியார் முறைத்தது எல்லாம் மூச்சு விடாமல் கொட்டிவிடுவேன்.

இப்போது வீடியோ. காலையில் பல் தேய்க்கும்போதே வந்துவிடுகிறார். நான் பாத்திரம் கழுவ, அவர் சட்டை மடிக்க, போன் பாட்டுக்கு அரிசி டப்பாவில் சாய்ந்து நிற்கிறது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்ட எங்கள் பாப்பா யாழினி, நெட் சுற்றினால் “அப்பா மறுபடி உறைஞ்சுட்டாரு” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுகிறாள். போன மாதம், நான் கடையில் இருக்கும்போது வீடியோவில் வந்து, வேலையை முடித்துக்கொண்டு தை மாசம் ஊருக்கே வந்துவிடுவதாகச் சொன்னார். சந்தோஷம்தான். “சரிங்க, அப்புறம்?” என்றேன். “அப்புறம் நீதான் சொல்லணும்” என்றார். “நீங்க சொல்லுங்க அப்புறம்” என்றேன். கடையில் பக்கத்திலிருந்த கொழுந்தனார் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணி, ரெண்டு பேரும் அப்புறம், அப்புறம்னே சொல்லிக்கிட்டிருக்கீங்க. முதல்ல என்னதான் பேசினீங்க?”

பக்கத்து ரூம்

ஜீனத் அக்காவின் வீட்டுக்காரர் குவைத்தை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். இனி அக்கா நம் பக்கம் வராது என்று நினைத்தால், போன வாரம் நெட் பேக் போட வந்து நிற்கிறது.

“அண்ணன்தான் வீட்டுலயே இருக்காங்களே, இன்னும் எதுக்குக்கா?” என்று சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்தால் இருவருக்கும் பேச்சே வரவில்லையாம். சோறு போட்டால் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறாராம். நல்ல மனுஷன்தான், கோபமெல்லாம் கிடையாது. ஒருநாள் அக்கா அடுப்படியிலிருந்து சும்மா போன் அடித்துப் பார்த்திருக்கிறது. ரூமுக்குள்ளிருந்து எடுத்தவர், பழையபடி கலகலவென்று பேசினாராம். ‘மீன் வாசம் இங்க வரைக்கும் வருது’ என்றாராம். அக்கா சில்லறையை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னது:

“நேர்ல நான் அவங்களுக்கு யாரோ மாதிரி இருக்கேன் தங்கச்சி. போன்லதான் அவங்க பொண்டாட்டி.”

ஊரே பேசுவதற்கு ரீசார்ஜ் போட்டுவிடுகிற நான், தை மாசம் வாசலில் வந்து நிற்கப்போகிறவரிடம் பேச இப்போதிருந்தே ஒவ்வொரு சேதியாகச் சொல்லாமல் ஒளித்துவைக்கப் பார்க்கிறேன், பாழாய்ப்போன வாய் மறுநாள் காலையிலேயே வீடியோவில் எல்லாவற்றையும் உளறிவிடுகிறது.