ஜெபசுதா அக்காவின் அளவுகள்

படத்தை வெட்டுவதற்கு முன் ஜெபசுதா அக்கா படத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். “அண்ணாச்சி, கொஞ்சம் உள்ள வாங்க.” “மதினி, கைய மடக்கிக்கிடுங்க, முழங்கை வெளிய போவுது.” சொன்ன பிறகுதான் மவுஸ் நகரும். கல்லூரியில் சேர்ந்த வருடத்திலிருந்து பார்க்கிறேன். ஆறு வருடத்தில் ஒருவரையும் அவர் சொல்லாமல் வெட்டியதில்லை. கண்ணீர் அஞ்சலிப் படமாக இருந்தால் குரலை மட்டும் தாழ்த்திக்கொள்வார்.

திரேஸ்புரத்தில் ஐஸ் உடைத்து விற்கும் கடைக்கும் வலைக் கடைக்கும் நடுவே இருக்கிறது அவர் அறை. ஒரு பீரோவைப் படுக்கவைத்தால் நிறைந்துவிடும். நாசரேத்தில் பிறந்தவர். தூத்துக்குடி ஸ்டுடியோ ஒன்றில் பதினோரு வருடம் கல்யாண ஆல்பம் செய்துவிட்டுத் தனியாக வந்தார். காதுகுத்து, சடங்கு, சர்ச்சில் புதுநன்மை, புதுப் படகு கடலில் இறக்குவது என்று எதுவானாலும் முன்பு பிளெக்ஸ் பேனர் மட்டும் போதும். இப்போது அதே படம் வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கு ஓர் அளவு, இன்ஸ்டாகிராமுக்கு ஓர் அளவு, யூடியூபுக்கு ஓர் அளவு என்று பிரிந்து போக வேண்டியிருக்கிறது.

அந்த அளவுகளைக் கடை ஷட்டரின் உட்புறத்தில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். ஸ்டேட்டஸ் 1080க்கு 1920. போஸ்ட் 1080க்கு 1350. யூடியூப் முகப்பு 1280க்கு 720. கடை திறந்திருக்கும்போது ஷட்டர் மேலே சுருண்டிருக்கும். ஆகவே யாராவது சந்தேகம் கேட்டால் பாதி இறக்கிக் காட்டுவார். பகலில் ஷட்டர் பாதி இறங்கினால் தெருவில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம் என்பதால் ஐஸ் கடைக்காரர் ஓடி வருவார். “ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ரீல்ஸ் அளவு பாக்கோம்.” அவர் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போவார். அடுத்த முறையும் ஓடி வருவார்.

அவருடைய பெரிய சண்டைகள் படகுக்காரர்களோடு நடக்கும். படகு நீளமானது, ஸ்டேட்டஸ் உயரமானது. முழுப் படகையும் உள்ளே வைத்தால் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். அதனால் படகு நேராக நம்மைப் பார்த்து வருவதுபோல முகப்பிலிருந்து எடுக்கச் சொல்லுவார். ஒருமுறை ஒரு படகு முதலாளி இதற்குக் கொதித்துப்போனார்.

“ஏளா, எம் படகு அறுபது அடி. முன்னால மட்டும் போட்டா, பின்னால வித்துட்டேன்னு நெனைக்க மாட்டானா?”

“பின்னால தனியா ஒரு ஸ்டேட்டஸ் போடுங்க அண்ணாச்சி. முதல்ல முன்னால வரும், பொறவு பின்னால வரும். கடல்லயும் அப்படித்தான வருது?”

அவர் யோசித்துப் பார்த்து, சரிதான் என்று ஒத்துக்கொண்டு போனார். நானும் யோசித்தேன். எனக்கு அதில் ஏதோ இடித்தது. ஆனால் எது என்று சொல்லத் தெரியவில்லை.

மானிட்டரின் மேலும் கீழும் கறுப்பு டேப் ஒட்டியிருப்பார். ஸ்டேட்டஸில் மேலே பெயர் வந்து விழும், கீழே பதில் எழுதும் கட்டம் வந்து மறைக்கும். அந்த இரண்டு பட்டைகளிலும் மனிதர்களை வைக்கக் கூடாது. “மேல வானம், கீழ பூ. நடுவுலதான் குடும்பம்” என்பது அவர் சட்டம். மேல் பட்டையில் பிள்ளையாரை வைத்துக்கொடுத்த வேறொரு கடையின் படத்தில், பிள்ளையாரின் நெற்றியில் ‘சுரேஷ் டிராவல்ஸ்’ என்று பெயர் விழுந்ததை இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

இன்ஸ்டாகிராம் பக்கத்தில் சதுரக் கட்டங்கள் நீளக் கட்டங்களாக மாறிய வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பழைய சதுரப் படங்கள் எல்லாம் இரண்டு ஓரத்திலும் வெட்டுப்பட்டுத் தெரிந்தன. வாடிக்கையாளர்களுக்கு அவரே போன் போட்டார். “உங்க வீட்டுக் கல்யாணம் சைடுல வெட்டுப்படுது. பதறாதிய, நான் சரி பண்ணித் தாரேன்.” அப்படிப் போன் வந்த ஒரு வீட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஏற்கெனவே பிரிந்திருந்தார்கள். அது தெரியாமல் அதையும் சரி பண்ணி அனுப்பினார்.

நான் அங்கே போவது விண்ணப்பப் படங்களுக்காக. போட்டித் தேர்வுக்குப் படம் இருபதிலிருந்து ஐம்பது கேபிக்குள் இருக்க வேண்டும், கையெழுத்து இருபதைத் தாண்டக் கூடாது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், கணக்குப் பாடத்தில். இதுவரை பதினேழு விண்ணப்பங்கள். ஒவ்வொன்றுக்கும் என்னை நாற்பத்தெட்டு கேபிக்குள் அடக்கிக்கொடுத்துவிட்டு, “ரெண்டு கேபி மிச்சம் இருக்கு, பயப்படாத” என்பார். அந்த இரண்டு கேபியில் நான் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டதில்லை.

பதினேழாவது விண்ணப்பத்துக்குப் போயிருந்த சனிக்கிழமை மதியம்தான் பேச்சிராஜா வந்தார்.

அவர் ஆறுமுகநேரியில் உப்பு வியாபாரி. அவருடைய ஒரே தங்கை சரண்யாதேவி திரேஸ்புரத்தில் வாழ்க்கைப்பட்டவர். சரண்யாவின் இரண்டு வயது மகளுக்குத் திங்கட்கிழமை காலை திருச்செந்தூரில் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடிக்குச் சொந்தக்காரர், பைக்கை ஸ்டாண்ட் போடக்கூடப் பொறுமையில்லாமல் வலைக் கடைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். பின்னாலேயே சரண்யா அழுதுகொண்டு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேபி வந்தார். சரண்யாவின் கணவருக்கு அக்கா, கல்யாணம் ஆகாதவர். உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை.

பேச்சிராஜா போனை மேசையில் வைத்தார். “இதுல நான் எங்க இருக்கேன்னு காட்டு.”

நடந்தது இதுதான். காதுகுத்துக்குப் பேனரோடு சேர்த்து, குடும்ப வாட்ஸப் குழுவில் போட ஒரு சதுரப் படமும் அக்கா செய்து கொடுத்திருந்தார். நடுவில் குழந்தை, தலைக்கு மேல் முருகன், வலது மேல் மூலையில் தாய்மாமன். இங்கே பேனரில் மேல் மூலை என்பது பந்தியில் முதல் இலை மாதிரி. சரண்யா அந்தச் சதுரத்தை அப்படியே டிபியாக வைத்து, ‘விசேஷம் முடியும்வரை எல்லாரும் இதையே வைக்கணும்’ என்று குழுவில் எழுதிவிட்டார். சொந்தக்காரர்களும் வைத்துவிட்டார்கள். டிபி வட்டம். வட்டத்துக்கு மூலை கிடையாது. டிபிக்கு இது ஆகாது என்று சொல்ல அக்கா மறந்திருந்தார்.

“நாப்பத்தி மூணு போனு,” என்றார் பேச்சிராஜா. “எண்ணிட்டேன். நாப்பத்தி மூணுலயும் எனக்குப் பாதி மீசதான் இருக்கு. காதுகுத்துக்குக் கூப்ட்டு எங்காதையே வெட்டியிருக்கிய.”

பட்டியலில் டிபி கடுகளவுதான் தெரியும். அவர் ஒவ்வொன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்.

அக்கா தப்பை மறைக்கவில்லை. “சதுரத்துல இருந்து வட்டம் எடுத்தா நூத்துக்கு இருபத்தொண்ணு போயிரும் அண்ணாச்சி. அந்த இருபத்தொண்ணுலதான் நீங்க நின்னிருக்கிய. நான் சொல்லியிருக்கணும்.”

மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரிதான். மூன்று வருடப் படிப்பு எனக்குப் பயன்பட்டது அன்றுதான்.

“எனக்குக் கணக்கு சொல்லாத தாயி. மடி மட்டும் வேணும், மூஞ்சி வேண்டாமா? திங்கக்கெழம எவன் வட்டத்துக்குள்ள இருக்கானோ அவன் மடியில உக்கார வைங்க.”

“அண்ணே,” என்றார் சரண்யா. “அம்மையும் இல்ல, அப்பாவும் இல்ல. பொறந்த வீடுன்னு காட்ட உன்னைய விட்டா எனக்கு யாரு இருக்கா? நீ வராட்டி இவங்க வீட்டு ஆளுக முன்னால நான் எப்படி நிப்பேன்?”

அவர் போனில் தன் பாதி மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வடிந்து, அந்த இடத்தில் வருத்தம் வந்திருந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

அக்கா புதிதாக ஒரு வட்டம் போட்டார். “எல்லாரையும் இதுக்குள்ள கொண்டு வந்துருதேன். நாப்பத்தி மூணு பேரும் இன்னைக்கே மாத்தட்டும். நீங்க இங்கனயே உக்காந்து பாருங்க.”

முருகனைச் சேர்க்காமல் ஒன்பது தலை. பேச்சிராஜாவைக் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்தால் சரண்யாவின் மாமனார் கீழே இறங்கினார். மாமனாரை மேலே ஏற்றினால் கொழுந்தன் ஒருவர் விளிம்பில் தொங்கினார். எல்லாரையும் சின்னதாக்கினால் யார் யார் என்று தெரியவில்லை.

“முருகரக் கொஞ்சம் சின்னதாக்கலாமா?” என்று பேச்சிராஜா கேட்டார். கேட்ட வேகத்தில் அவரே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“எட்டுன்னா கச்சிதமா இருக்கும்,” என்று அக்கா மெதுவாகச் சொன்னார்.

பேபி குழந்தையை இடுப்பு மாற்றினார். பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தை அந்த இடுப்பில்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் பலர் அவரையே தாய் என்று நினைத்திருந்தார்கள்.

“ஏளா ஜெபசுதா, என்னைய எடுத்துரு. எம் போனு பட்டன் போனு. டிபி வட்டமா கெடக்கா சதுரமா கெடக்கான்னு நான் எங்க பாக்கப் போறேன்?”

“ஐயோ மதினி, அதெப்படி…” என்று சரண்யா இழுத்தார். இழுத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

அக்கா திரையில் இருந்த பேபியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். மவுஸை ஒருமுறை அழுத்தினார். எட்டுத் தலைகளும் வட்டத்துக்குள் சொல்லி வைத்ததுபோல் உட்கார்ந்தன. பேச்சிராஜாவுக்கு இரண்டு காதும் இருந்தன. போனை வாங்கிப் பெரிதாக்கி ஒவ்வொரு காதாகப் பார்த்துவிட்டு, “திங்கக்கெழம ஏழு மணிக்கு வாரேன்” என்றார்.

மூவரும் படியிறங்கும்போது அக்கா பின்னாலேயே போய்ச் சொன்னார். “பேபி மதினி, உங்களுக்குத் தனியா ஒண்ணு செஞ்சு தாரேன். நீங்க மட்டும். முழுசா.”

“அதுக்கென்ன, மெதுவாத் தா.”

காதுகுத்தின் வீடியோவை சரண்யாவின் ஸ்டேட்டஸில் பார்த்தோம். சரியான அளவு, 1080க்கு 1920. நடுவில் பேச்சிராஜா பட்டு வேட்டியில் ஓர் அமைச்சர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை வீறிட்டது. தலையை ஆட்டாமல் பிடிக்க, படத்தின் ஓரத்திலிருந்து இரண்டு கைகள் மட்டும் நீண்டு வந்திருந்தன. உப்பில் விரல் நுனிகள் வெடித்த கைகள். அக்கா அந்த வீடியோவை நான்கு முறை பார்த்தார். “எவன் எடுத்தது இத?” என்றார்.

ஐந்து மாதம் ஆயிற்று. பேபிக்குச் சொன்ன படம் இன்னும் ஆகவில்லை. மறதி இல்லை, சோம்பலும் இல்லை. அளவுதான் தெரியவில்லை.

“எதுல பாப்பாங்கன்னு தெரிஞ்சாத்தான அளவு போட முடியும்?” என்று என்னிடம் கேட்டார். “ஸ்டேட்டஸ் கெடையாது. டிபி கெடையாது. பட்டன் போன்ல என்னத்த வைக்க?”

“பிரிண்ட் போட்டுக் கொடுங்களேன் அக்கா.”

“போட்டுப் பாத்தேன். தனியா ஒரு ஆளு, பின்னால வானம். எப்படிப் போட்டாலும் கண்ணீர் அஞ்சலி மாதிரி வருது. பூ வச்சேன், இன்னும் மோசமாப் போச்சு. அழிச்சிட்டேன்.”

“அவங்ககிட்டயே எந்த அளவு வேணும்னு கேட்டுப் பாருங்க.”

அக்கா என்னைப் பார்த்தார். “கேட்டா ‘சின்னதாப் போதும்’னு சொல்லிருவாங்கல்லா. அதுக்குப் பயந்துதான் கேக்கல.”

சின்னதாக்குவதற்குத்தான் நானும் அங்கே போகிறேன்.

நேற்று பதினெட்டாவது விண்ணப்பம். நான் போனபோது திரையில் ஒரு புதிய வெள்ளைப் பக்கத்துக்கான பெட்டி திறந்திருந்தது. கோப்பின் பெயர் ‘பேபி மதினி’. அகலம் என்ற கட்டத்தில் 1080 என்று அடித்தார். உயரம் என்ற கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். ஐந்தரை மணிக்குக் கம்பெனி விட்டு வரும் பேபி வாசலில் நின்றார்.

“என்னளா, வேல ஓடுதா?”

ஜெபசுதா அக்கா மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பினார். “இல்ல மதினி, சும்மாதான் இருக்கேன்.”