மூன்று புள்ளி, இரண்டு கோடு

சாம்பசிவன் சாருக்குப் பக்கத்து மேசையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பொத்தேரியில் ஒரு பொறியியல் கல்லூரி. இருவரும் கணக்குத் துறை. அவருடைய ஆராய்ச்சி எக்ஸ்பாண்டர் கிராஃப் என்ற புள்ளி-கோட்டு வலை பற்றியது. அதில் கோடுகள் கொஞ்சம்தான். ஆனால் புள்ளிகளை எப்படி இரண்டு கூறாகப் பிரித்தாலும் குறுக்கே போகும் கோடுகள் நிறைய இருக்கும். அந்த வலையை லேசில் அறுக்க முடியாது. மனுஷர் அதைப் பேச ஆரம்பித்தால் கேன்டீன் டீ ஆறிப்போகும்.

வருடாவருடம் பாடத்தை ஒரே படத்தில்தான் தொடங்குவார். வரிசையாக மூன்று புள்ளி, இடையே இரண்டு கோடு. அதற்கு ஓர் அணி, அதாவது மேட்ரிக்ஸ், எழுதி, அதன் ஐகன் மதிப்பு என்ற எண்களில் சிறியதிலிருந்து இரண்டாவதைக் கண்டுபிடிக்கச் சொல்வார். விடை ஒன்று. ஓரத்துப் புள்ளிகளையும் நேராக ஒரு கோட்டால் சேர்த்தால் மூன்று. எண் ஏறினால் பிணைப்பு பலம் என்று பொருள். பிறகு அந்தக் கோட்டை அழித்து, நடுப்புள்ளியையும் துடைப்பார். விடை பூஜ்யம்.

"பூஜ்யம்னா வலை துண்டாயிடுச்சுன்னு அர்த்தம்" என்பார்.

கீழ்க்கட்டளையில் அவர் வீடும் அந்த மூன்று புள்ளி, இரண்டு கோட்டுப் படம்தான். மகள் ஸ்ம்ருதி புனேவில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு பதினோரு மணிக்கு அம்மாவைக் கூப்பிடுவாள். சாரின் மனைவி திரிபுரசுந்தரி ஃபோனைக் காதில் வைத்தபடியே, மாத்திரை போட்டீர்களா என்று மகள் கேட்பதாகச் சொல்வார். இவர் பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "போட்டேன்னு சொல்லு. அங்க மழையான்னு கேளு" என்பார். சண்டை கிடையாது, மனஸ்தாபம் கிடையாது. பழக்கம், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் ஒரு கோடு குறைகிறதே என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். சிரித்தார். இத்தனை படித்தவர்! எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

போன ஆவணியில் திரிபுரசுந்தரி மாரடைப்பில் போய்விட்டார். ஸ்ம்ருதி வந்து காரியம் முடியும்வரை இருந்தாள். அப்பாவும் மகளும் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் பேசினார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அவள் புனே திரும்பிய பிறகு ஃபோனும் இல்லை. சார் ஞாயிறுதோறும் மனைவியின் ஃபோனுக்கு சார்ஜ் போட்டு வைத்துக் காத்திருந்தார். ஐந்து ஞாயிறு போனது. நீங்களே கூப்பிட்டால் என்ன என்று அதட்டினேன்.

கூப்பிட்டார். மகளின் எண் மனைவியின் ஃபோனில்தான் இருந்தது. அதிலிருந்தே அழுத்திவிட்டார்.

புனேவில் அவள் திரையில் 'அம்மா' என்று வந்திருக்கிறது.

எடுத்ததும் அம்மா என்றுதான் கூப்பிட்டாளாம். அப்புறம் வெகுநேரம் அழுகை. "அந்த நம்பர்ல இருந்து கூப்பிடாதப்பா, என்னால முடியல" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் இதை என்னிடம் சொல்லிவிட்டு, துண்டுத் தாளில் எழுதி வந்த மகளின் எண்ணைத் தன் ஃபோனில் பதிந்துகொண்டார். அங்கேயே கூப்பிட்டார். நான் எழுந்தேன், உட்காரும்படி கையைக் காட்டினார்.

"சாப்டியாம்மா?"

அவளும் அதையே கேட்டிருக்க வேண்டும். சாப்பிட்டேன் என்றார்.

ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், அடுத்து என்ன கேக்கறது?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சொல்லிக்கொடுத்தால் நானே நடுப்புள்ளி ஆகிவிடுவேன் என்று வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.