இஹ்ராம் துணியில் சாம்பிராணி வாசம்

என் வீட்டுக்காரர் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போவது முடிவானதும், அதற்கு அவர் உடுத்தும் தையலில்லாத இரண்டு இஹ்ராம் துணிகளையும் நானே நூற்று நெய்து தருவதாக மனதுக்குள் நிய்யத் வைத்துவிட்டேன்.

"குர்லா கடையில ரெடிமேடா அடுக்கி வச்சிருக்கான். நீ எதுக்குளா கெடந்து கஷ்டப்படுதே?" என்றார். நான் கேட்கவில்லை.

பஞ்சில் விதை எடுத்து, பெட்டி ராட்டையில் நூற்று, பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, பெண்களுக்குக் கைத்தறி சொல்லித்தரும் கூடத்தில் நெய்தேன். என் நூலில் முறுக்கு போதாது. கஞ்சி இருக்கிறவரை தாங்கும், அலசினால் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் தண்ணீரே காட்டாமல் மடித்து வைத்தேன். தாராவி மழை ஈரத்தில் கஞ்சித் துணி முடைநாற்றம் பிடித்தது எனக்குத் தெரியவில்லை.

மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. பம்பாயிலேயே பிறந்த பிள்ளை. பயணத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, நான் சாயங்காலம் அசர் தொழுது எழுந்தபோது துணியோடு சிரித்துக்கொண்டு நின்றாள்.

"ஈர வாடை அடிச்சுது மாமி. சாம்பிராணிப் புகையில காட்டிட்டேன். ஏக்தம் மஸ்த் வாசம்!"

 மணமேறிய துணியை இஹ்ராமுக்கு உடுத்தக் கூடாது. சொன்னதும் அவள் முகம் சுண்டிப்போனது. இவர் பள்ளிவாசல் ஹஜரத்துக்குப் போன் போட்டார். மணம் போகிறவரை அலசச் சொன்னார்கள்.

வேறு வழியில்லை. வெந்நீரில் சோடா உப்புப் போட்டு, "யா அல்லாஹ், பிரிய விட்டுராத" என்று சொல்லிச் சொல்லி அலசினேன். கஞ்சி வெள்ளையாக இறங்கியது. துணி கைக்குள் குழைந்தது. கசக்கவே பயம்.

வாசம் போய்விட்டதா என்று யார் சொல்வது? எனக்குப் பஞ்சுத் தூசியில் ஜலதோஷம்.

"தோல் பட்டறையில கெடந்து என் மூக்கு எப்பமோ செத்து மவுத்தாப்போச்சு" என்றார் இவர். "மருமவகிட்ட குடு. சோறு வடிச்சாலே ஓங்கரிக்கா, அவ மூக்குதான் போலீஸ் மூக்கு."

பிள்ளையாண்டிருக்கும் அவள் தயங்கித் தயங்கி முகர்ந்தாள். அழுகை வந்துவிட்டது. "இன்னும் இருக்கு மாமி."

மறுபடி வெந்நீர். ஓர் ஓரத்தில் இரண்டு இழை விலகின.  இந்தத் தடவை அவள் நெடுநேரம் முகர்ந்தாள்.

"குச் பி நஹி, மாமி. வெறும் பஞ்சுதான்."

ஃபேனில் காயவிட்டு இஸ்திரி போட்டோம். துணி சுருங்கித் தடித்திருந்தது. மறுநாள் இவர் உடுத்திப் பார்த்தார், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே மட்டும்தான் வந்தது.

"ரெடிமேடு ஒண்ணு பையில வச்சுக்கிடுங்க" என்றேன்.

"வேண்டாம்ளா. இதுதான்."

டாக்சி போனதும் தொழுகைப் பாயில் உட்கார்ந்தேன். கஅபாவைச் சுற்றிவரும் தவாஃபு கூட்டத்தில் யாராவது இழுத்தால் தாங்க வேண்டுமே என்று நூலுக்காகவே துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாமாவுக்கும் கேளுங்க மாமி" என்றாள்.