சிப்பைத் திருப்பிப் பார்க்காத புதன்கிழமை

1. திரும்பி வந்த பெட்டிகள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாங்கள் செய்து அனுப்பிய மெமரி மாட்யூல்களில் இரண்டு பெட்டிகள் திரும்பி வந்தன. எண்பதுகளின் கடைசிப் பகுதி. மலேசியாவில், சுங்கைப்பட்டாணியில் ஒரு ஃபேக்டரி. கம்ப்யூட்டருக்குள் செருகும் மாட்யூல்களை அங்கே செய்தோம். விரல் நீளத்தில் ஒரு பச்சை போர்டு, அதன் மேல் ஒன்பது கறுப்புச் சிப்புகள். எட்டு சிப்புகள் டேட்டாவை வைத்திருக்கும். ஒன்பதாவது, அந்த எட்டும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்பதில் ஒன்று கெட்டாலும் கம்ப்யூட்டர் நின்றுவிடும்.

வாடிக்கையாளர் எழுதியிருந்த புகார் இதுதான்: காலையில் நன்றாக ஓடுகிறது, ஒரு மணி நேரம் சூடானதும் அப்படியே உறைந்துவிடுகிறது. கடிதத்தின் கடைசி வரியில், இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டிருந்தார்கள்.

என் பெயர் பிலோமினா. நான் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். வெளியிலிருந்து வரும் சிப்புகளைப் பார்த்து, சரி என்றால் கார்டில் ஸ்டாம்ப் அடித்து, மாட்யூல் செய்யும் லைனுக்கு விடவேண்டும். என் ஸ்டாம்ப் நான்காம் நம்பர். பக்கத்து நாற்காலியில் லெட்சுமி, அவளுடையது ஏழு. நான் கூலிமிலிருந்து பஸ் ஏறுவேன். அவள் பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்திலிருந்து வருவாள். அவள் அப்பா தோட்ட வேலையிலிருந்து நின்றுவிட்டார். தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி, தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். டவுனில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்குப் போக அவர்களுக்கு இருந்த ஒரே வழி லெட்சுமியின் சம்பளம். ஃபேக்டரியில் அது எல்லாருக்கும் தெரியும்.

2. சிப்பை எப்படிப் படிப்பது

இன்றைக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பிள்ளைகள் மாட்யூலில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்து நம்பிவிடுகிறார்கள். ஸ்டிக்கர் ஒன்றும் சொல்லாது. சிப்பைப் பாருங்கள்.

மேலே முதலில் கம்பெனியின் குறி. அடுத்து நீளமான நம்பர், அதில் சிப்பின் கொள்ளளவு தெரியும். கடைசியில் ஒரு கோடு போட்டு 15, 12, 10 என்று இருக்கும், அது வேகம். எண் குறையக் குறைய வேகம் அதிகம், விலையும் அதிகம். அதற்குக் கீழே நான்கு இலக்கம்: எந்த வருடம், எந்த வாரம் செய்தது என்பது.

இது அவ்வளவும் மேலே இருப்பது. மேலே இருப்பதை எவனும் அழிக்கலாம். அந்த நாட்களில் சிப்புக்குத் தட்டுப்பாடு. எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து 15 சிப்பின் மேல்பக்கத்தைத் தேய்த்து, கறுப்புப் பூசி, 12 என்று அச்சடித்து விற்றான். குளிர்ந்திருக்கும்போது அது 12 மாதிரியே ஓடும். சூடானால் விழுந்துவிடும்.

ஆனால் அடியை யாரும் தேய்ப்பதில்லை. சிப்பைத் திருப்பினால் அதன் வயிற்றில், அது செய்யப்பட்ட நாட்டின் பெயரும் உண்மையான குறியும் அப்படியே இருக்கும். அதனால், சிப்புகள் அடுக்கி வரும் ஒவ்வொரு ட்யூபிலிருந்தும் ஐந்து சிப்பை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்க்கவேண்டும், பஞ்சில் தின்னர் தொட்டு மேலே தேய்க்கவேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்தது.

நாங்கள் அப்படிச் செய்தோமா? இல்லை. ட்யூப் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே சிப்புகள் முகத்தைக் காட்டிக்கொண்டு வரிசையாகக் கிடக்கும். விளக்குக்குக் கீழே ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு ஸ்டாம்ப் அடிப்போம். சூப்பர்வைசர் ஜேம்ஸ் அண்ணன் பின்னால் வந்து நிற்பார்.

"என்னாம்மா, ரெண்டு பேரும் பொண்ணு பாக்க வந்த மாதிரி சிப்ப இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கீங்க? லைன்ல ஆளுங்க சும்மா உக்காந்திருக்காங்க லா!"

"அண்ணே, நீங்க பொண்ணு பாத்தப்ப சரியாப் பாத்தீங்களா?" என்று லெட்சுமி கேட்பாள்.

"பாக்கலம்மா. அதான் இப்படி நிக்கிறேன்."

சிரித்துவிட்டு இன்னும் வேகமாக அடிப்போம். இருவரில் நான்தான் வேகம். அதில் எனக்குப் பெருமை வேறு.

3. அந்தப் புதன்கிழமை

புகார் வருவதற்கு ஏழு வாரம் முன்னால், ஒரு புதன்கிழமை மதியம், லெட்சுமியின் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று போன் வந்தது. அரை நாள் லீவு எழுதினால் அந்த மாத வருகை அலவன்ஸ் போய்விடும். ஜேம்ஸ் அண்ணன் நல்ல மனதோடுதான் சொன்னார்: "டைம் கார்டு பஞ்ச் பண்ணாத. பின்பக்கமா போ. சாயங்காலம் நான் பஞ்ச் பண்ணிக்கிறேன்."

அவள் போனாள். அவள் கணக்கில் அன்றைக்கு ஒன்றுமே இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வாள். அதனால் அவள் ஸ்டாம்ப்பை எடுத்து, சேர்ந்து வந்த ஒரு லாட் சிப்பு முழுவதையும் நான் ஏழாம் நம்பரில் அடித்தேன். இது எங்களுக்குள் வழக்கம். நான் மாதா திருநாளுக்குப் போனால் அவள் எனக்கு அடிப்பாள். இரண்டு பேர் வேலை ஒருத்தி கையில் இருந்ததால் அன்றைக்கு நான் ஒரு ட்யூபைக்கூடத் திறக்கவில்லை.

4. வயிற்றில் இருந்தது

திரும்பி வந்த மாட்யூல்களைப் பிரித்துப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. முதல் மாட்யூலில் ஒன்பது சிப்பும் மேலே ஒரே மாதிரி. ஒரே குறி, ஒரே நம்பர், 12. பஞ்சில் தின்னர் தொட்டுத் தேய்த்தேன். ஏழு சிப்பில் ஒன்றும் வரவில்லை. இரண்டில் பஞ்சு கறுத்தது. அந்த இரண்டையும் பழுது பார்க்கும் ரீவொர்க் மேசையில் சூடு காட்டிக் கழற்றித் திருப்பினேன். மேலே அந்த வருடத்தின் வாரக் குறி, வயிற்றில் இரண்டு வருடப் பழைய குறி. நாட்டின் பெயரும் வேறு.

மேலே போட்டிருந்த பொய் வாரக் குறியோடு எங்களுக்கு வந்தது ஒரே ஒரு லாட். அந்த லாட்டின் கார்டைத் தேடி எடுத்தேன். புதன்கிழமை. ஏழாம் நம்பர்.

அடித்த கை என்னுடையது. கார்டை மறைத்திருக்கலாம். ஆனால் அதற்குள் ஜேம்ஸ் அண்ணன் வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டார்.

"பிலோ, வாயத் தொறக்காத. ஸ்டாம்ப் மாத்தி அடிச்சதுக்கு நீ போவ. பஞ்ச் பண்ணதுக்கு நான் போவேன். அவளும் போவா. ஒருத்தி போறதா, மூணு பேரு போறதா?"

அந்தக் கணக்கு எனக்கு அப்போது சரியாகப் பட்டது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் சரியாகத்தான் பட்டது.

சனிக்கிழமை லெட்சுமியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷத்தில் வேலை போய் வெளியே வந்தாள். ரெக்கார்டுப்படி அவள் அன்றைக்கு வேலையில் இருந்திருக்கிறாள், ஸ்டாம்ப்பும் அவளுடையது. அவளால் என்ன சொல்ல முடியும்?

"நான் போய்ச் சொல்லிடவா?" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டு நிக்கிற பாரு," என்றாள். லாக்கரில் இருந்த செருப்பையும் மங்குச் சட்டியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் முட்டி போட்டேன். ஒரு வார்த்தை ஜெபம் வரவில்லை. திங்கட்கிழமை காலை, ஜேம்ஸ் அண்ணன் வருவதற்கு முன்னால், மேனேஜர் மிஸ்டர் லிம்மிடம் போய் நான்தான் அடித்தேன் என்று சொன்னேன். கழற்றிய இரண்டு சிப்பையும் வயிறு மேலே தெரியும்படி அவர் மேசையில் வைத்தேன்.

அவர் சிப்பைத் தொடவில்லை. "ஹாபிஸ் லா, பிலோ," என்றார். முடிந்துபோயிற்று என்று அர்த்தம். கஸ்டமருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, சனிக்கிழமை சாயங்காலமே லெட்சுமியின் பெயரை டெலக்ஸில் அடித்து அனுப்பியாயிற்று, இனி இன்னொரு பெயரை அனுப்பினால் கம்பெனிக்கு அசிங்கம் என்று மலாயில் சொன்னார். பிறகு, "இந்த மாதிரி சிப்பப் பாத்து கண்டுபிடிக்க இங்க உன்னை விட்டா யாரு இருக்கா? போ, வேலையப் பாரு," என்றார்.

என்னைத் திட்டவில்லை. ஒரு வார்னிங் லெட்டர்கூட இல்லை. அடுத்த வாரம் புதிதாக ஒரு பெண் வந்தாள். அவளிடம் ஏழாம் நம்பர் ஸ்டாம்ப்பைக் கொடுத்து, என் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

5. பாடாங் மேஹாவில்

ஒரு மாதம் கழித்துப் போனேன். அவர்கள் அதே லயத்து வீட்டில்தான் இருந்தார்கள். தோட்டத்தில் ஒருத்தர் வேலை செய்தால் வீடு கிடைக்கும் என்பதால் லெட்சுமி பால் மரம் வெட்டப் பெயர் கொடுத்துவிட்டாள். டவுன் வீடு வேறு யாருக்கோ போய்விட்டது. அவள் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். மேனேஜரிடம் சொன்னதைச் சொன்னேன்.

"சனிக்கிழம சொல்லியிருக்கணும்டி," என்றாள். கோபம்கூட இல்லை. பிறகு கேட்டாள்: "ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னிக்கு ஒரு சிப்பையாச்சும் திருப்பிப் பாத்தியா?"

"இல்ல."

"நானா இருந்தாலும் பாத்திருக்க மாட்டேன்," என்றாள். "ஆனா அது என் கையா இருந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

அதன்பிறகு பல வருடம் அந்த நாற்காலியில் வேலை பார்த்தேன். எந்த ட்யூபையும் திறக்காமல் விட்டதில்லை. லைன் காத்திருந்தது, ஜேம்ஸ் அண்ணன் கத்தினார், கத்தட்டும் என்று விட்டேன். ஐந்து எடுக்கவேண்டிய இடத்தில் பத்து எடுத்துத் திருப்பினேன். தேய்த்து விற்ற சிப்பை மூன்று முறை பிடித்தேன். ஒரு முறை கம்பெனி விருந்தில் மிஸ்டர் லிம் எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தார். நான் அதை மாட்டவில்லை.

பிள்ளைகளுக்கு நான் சொல்ல இரண்டே விஷயம். மாட்யூல் கையில் வந்தால் மேலே இருப்பதை நம்பாதீர்கள். பஞ்சில் தேய்த்துப் பாருங்கள், சந்தேகம் வந்தால் கழற்றி வயிற்றைப் படியுங்கள். இன்னொருத்தர் ஸ்டாம்ப்பை அன்புக்காகக்கூடத் தொடாதீர்கள். தொட்டுவிட்டீர்கள் என்றால், திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்காதீர்கள்.